மூன் டிஸ்க் மாட்டியதிலிருந்து முன்சக்கரத்தில் ‘டிக் டிக்’ சத்தம், காற்றும் இறங்குகிறது – உதவி தேவை

கேள்வி – ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

வணக்கம். என்னிடம் 1951 ஃபோர்டு, இரண்டு கதவு வண்டி ஒன்று இருக்கிறது. ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் 15 அங்குல மூன் டிஸ்க், அதாவது சக்கரத்தின் வெளிப்பக்கத்தை முழுதாக மூடும் தட்டு, நான்கு வாங்கினேன். ஓட்டை இல்லாத முழு அலுமினியம், ஸ்க்ரூ போட்டு மாட்டும் வகை. நானே மாட்டினேன். ஒரு டிஸ்க்குக்கு மூன்று ஸ்க்ரூ, ரிம்மின் வெளி விளிம்பில் துளை போட்டு முடுக்கினேன். காற்றுப் பிடிக்க வசதியாக வால்வுக்கு நேராக டிஸ்க்கில் அரை அங்குல ஓட்டையும் போட்டேன்.

இப்போது இரண்டு தொல்லை. முன் இடது சக்கரத்தில் மெதுவாகப் போகும்போது ‘டிக்... டிக்...’ என்று சத்தம். வலது பக்கம் திரும்பினால் அதிகமாகக் கேட்கிறது. 40 மைலுக்கு மேல் போனால் காற்றுச் சத்தத்தில் அது தெரிவதில்லை. அதே சக்கரத்தில் வாரத்துக்கு 4 பவுண்டு காற்றும் இறங்குகிறது. ஸ்க்ரூக்களைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி படிந்திருக்கிறது. துடைத்தாலும் மறு வாரம் வந்துவிடுகிறது.

பேரிங் போய்விட்டதா என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் எல் மிராஜ் என்ற காய்ந்த ஏரிக்கு, வேகப் பந்தயம் பார்க்க, இந்த வண்டியிலேயே போக நினைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில் – சாக்ரமென்டோ

பேரிங்கா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள், நிம்மதியாக இருக்கும். பேரிங் போனால் பெரும்பாலும் ‘ஊம்ம்’ என்று உறுமும், வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும். இருந்தாலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக இருக்கும் முளை. 1954-க்கு முந்தைய ஃபோர்டு கார்களில் முன்பக்கம் பால் ஜாயின்ட் கிடையாது, கிங்பின்தான், அதனால் இந்தச் சோதனையை விடக் கூடாது.

பதில் – லாங் பீச்

தம்பி, அக்கா சொன்னதைச் செய்துவிடு. ஆனால் எனக்கு இது டிஸ்க்கின் வேலையாகத்தான் படுகிறது. முப்பது வருடமாக இந்த டிஸ்க்குகளை மாட்டியும் கழற்றியும் வருகிறேன்.

சத்தத்தை எண்ணிப் பார். உன் டயர் ஏறக்குறைய 28 அங்குல உயரம் இருக்கும். ஒரு சுற்றுக்கு 88 அங்குலம். மணிக்கு 10 மைல் என்றால் நொடிக்கு 176 அங்குலம், அதாவது சரியாக இரண்டு சுற்று. 10 மைலில் நொடிக்கு இரண்டு ‘டிக்’ கேட்டால், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். ஸ்டீல் ரிம் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் வண்டியின் பாரம் ஏறும் இடத்தில் துளி வளையும். திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் வளையும். நீ வலது பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடது சக்கரத்துக்குத்தான் போகிறது. டிஸ்க் ரிம்மோடு ஒட்டி உட்காராமல் எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் அந்த வளைவு வரும்போதெல்லாம் ‘டிக்’ என்னும்.

இன்றைக்கே இரண்டு வேலை செய். டிஸ்க்கிலிருந்து டயர்வரை சாக்பீஸால் ஒரே கோடு போட்டு, பத்து மைல் ஓட்டிவிட்டுக் கோட்டைப் பார். அப்புறம் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே தெருவில் ஓட்டிப் பார். ஒரு கேள்வி: அந்தச் சக்கரத்தை எப்போது பேலன்ஸ் செய்தாய், வெயிட் எங்கே வைத்தார்கள்?

கேட்டவர்

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. பேரிங், கிங்பின் இரண்டிலும் ஆட்டம் இல்லை. சாக்பீஸ் கோடு டிஸ்க் பக்கம் 4 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது! கழற்றி ஓட்டினால் சத்தமே இல்லை.

நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். டிஸ்க் மாட்டுவதற்கு முந்தின வாரம் புது டயர் போட்டேன். முன் இடது ரிம்மின் வெளி விளிம்பில், சுத்தியலால் அடித்துக் கவ்வ வைக்கும் ஈய வெயிட் ஒன்று இருக்கிறது. டிஸ்க்கின் ஓரம் நேராக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க்கின் உட்பக்கம் அந்த இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. மூன்று ஸ்க்ரூ ஓட்டையும் வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டுவிட்டன.

பதில் – லாங் பீச்

அதுதான் காரணம். வெயிட் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்ததால் டிஸ்க் முழுதாக உட்காரவில்லை. மூன்று ஸ்க்ரூ மட்டும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அது அசைய அசைய அலுமினியம் தேய்ந்து ஓட்டை நீண்டது, சாம்பல் பொடியும் அங்கிருந்துதான் வருகிறது. மழைத்தண்ணீரும் சேர்ந்தால் எஃகும் அலுமினியமும் தொடும் இடம் அரிக்கவும் செய்யும். உப்பில் இது பல மடங்கு வேகமாக நடக்கும். யூட்டாவில் பான்வில் உப்பு வெளிக்குப் போய்வந்த வண்டிகளில், அன்றைக்கே கழற்றிக் கழுவாவிட்டால், ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும்.

அந்த வெயிட்டைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, ரிம்மின் உட்பக்கம் ஒட்டும் வகை வெயிட் வைத்து மறுபடி பேலன்ஸ் செய்யச் சொல். டிஸ்க் போடும் சக்கரத்தில் வெளி விளிம்பில் எதுவும் இருக்கவே கூடாது.

இனி காற்று. இதுதான் எனக்குக் கவலை. டிஸ்க் 4 மில்லிமீட்டர் நகர்ந்தது என்றால் நீ போட்ட வால்வு ஓட்டையின் ஓரமும் நகர்ந்திருக்கிறது. அலுமினியத் தகட்டில் ட்ரில் போட்டுவிட்டு அரம் போடாமல் விட்டால் அந்த ஓரம் கத்திதான். வால்வின் ரப்பரை வளைத்துப் பார், அடியில் வெட்டு இருக்கிறதா என்று. அப்புறம் ஸ்க்ரூ எவ்வளவு நீளம்? டயரைக் கழற்றாமல் ட்ரில் போட்டாயா?

கேட்டவர்

முக்கால் அங்குலம். டயரோடுதான் ட்ரில் போட்டேன்.

சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வால்வை வளைத்ததும் அடியில் பொடிப்பொடியாக நுரை கிளம்புகிறது. நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. பக்கத்து டயர் கடையில் டயரைப் பிரித்தும் பார்த்தோம். ஸ்க்ரூ நுனி மூன்றும் ரிம்மைத் தாண்டி டயரின் விளிம்பில் பட்டிருக்கின்றன. ரப்பரில் மூன்று சின்னப் பள்ளம், கடுகு அளவு. கம்பி வெளியே தெரியவில்லை, டயரை அப்படியே பயன்படுத்தலாம் என்றார்கள். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பதில் – லாங் பீச்

தப்பித்தாய். வால்வு இன்றைக்கே புதுசு. மற்ற மூன்று சக்கரத்தையும் டயர் பிரித்துப் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏற்றாதே. ஸ்க்ரூவைக் குட்டையாக்கு. முடுக்கிய பிறகு நுனி ரிம்மின் உட்புறத்தோடு சமமாக நிற்கவேண்டும், மயிரிழைகூட டயர் பக்கம் நீளக் கூடாது. ட்ரில்லும் டயரைக் கழற்றிவிட்டுத்தான். உன் ரிம் ரிவெட் அடித்த வகையாக இருந்தால் ரிவெட் தலைகளிலும் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார். அந்தக் காலத்து ரிம் எல்லாம் டியூப் டயருக்காகச் செய்தவை. டியூப் இல்லாத டயர் போட்டால் அந்த வழியாகவும் காற்று மெல்லப் போகும்.

மாட்டும்போது டிஸ்க்குக்கும் ரிம்முக்கும் நடுவே நாலைந்து இடத்தில் பட்டாணி அளவு சிலிக்கான் வைத்து, காயவிட்டு அப்புறம் ஸ்க்ரூ போடு. அசைவும் சத்தமும் அதோடு போகும். நீண்ட ஓட்டைகளுக்கு அகலமான நைலான் வாஷர். வால்வு ஓட்டைக்கு உருண்டை அரம் போட்டு, ஒரு ரப்பர் வளையம் சொருகு.

பதில் – சென்னை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கார் தெரியாது. அப்பா அலுமினியப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தார், நான் ஸ்பின்னிங் லேத்தில் பதினைந்து வருடம் வேலை செய்தேன். இந்த டிஸ்க்கின் படத்தைப் பார்த்ததும் கை பழகிய பொருள் மாதிரி இருந்தது. வட்டத் தகட்டை லேத்தில் அச்சின் மேல் வைத்துச் சுழலவிட்டு, நீளக் கம்பியை அக்குளில் அணைத்துக்கொண்டு உடம்பு பாரத்தால் அழுத்தி அழுத்திப் படியவைப்போம். டபராவும் சட்டியும் அப்படித்தான் வரும். நடுவிலிருந்து ஓரம்வரை மெல்லிய வளையம் வளையமாகக் கோடு தெரிகிறதே, அது அந்தக் கம்பி போன தடம்.

அதனால் பாலிஷ் போடும்போது அந்த வளையத்தின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் வெயிலில் கீறலாகத் தெரியும். சோடா, சாம்பல், அடுப்பு துடைக்கும் திரவம் எதுவும் படக் கூடாது, அலுமினியம் கறுத்துவிடும். பாத்திரம் தேய்த்தவர்களுக்கு இது தெரியும்.

வெயிட் முட்டிய இடத்தில் பள்ளம் இருந்தால் அவசரப்பட்டுச் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஸ்பின்னிங்கில் அழுத்தம் பட்ட தகடு முறுகிப்போயிருக்கும், அடித்தால் ஓரத்தில் விரிசல் விடும். மணல் மூட்டையின் மேல் வைத்து, உட்பக்கமிருந்து மரக்கட்டையால் சிறிது சிறிதாக அழுத்தி எடுங்கள். பட்டறையில் நாங்கள் சோப்பைத் தடவிச் சூடு காட்டுவோம். சோப்பு பழுப்பாகி, கறுக்கத் தொடங்கும்போது தகடு இளகியிருக்கும். ஆனால் இளகிய தகடு கெட்டித்தன்மையை இழந்துவிடும். சுழலும் சக்கரத்தில் மாட்டும் பொருளுக்கு அது வேண்டாம்.

பதில் – லாங் பீச்

சென்னைத் தம்பி, எழுதியதற்கு ரொம்ப நன்றி. இத்தனை வருடம் இவற்றைத் தொட்டும் அந்தக் கோடு எப்படி வந்தது என்று எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இங்கே சான்டா ஃபே ஸ்பிரிங்ஸில் டீன் மூன் பட்டறை வைத்து இந்த டிஸ்க்குகளை விற்றார், அவர் பெயரேதான் டிஸ்க்குக்கும் நிலைத்துவிட்டது. காய்ந்த ஏரிப் படுகையிலும் உப்பு வெளியிலும் ஓடுகிறவர்களுக்கு அழகு இரண்டாம்பட்சம். ரிம்மின் குழியும் ஓட்டைகளும் சுழலும்போது காற்றைக் கலக்கும், வழவழப்பான டிஸ்க் அதைக் குறைக்கும். அதே பட்டறையில்தான் 1962-இல் பந்தய வீரர் கேரல் ஷெல்பி தன் முதல் கோப்ரா ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபோர்டு எஞ்சினை இறக்கினார். பழைய வண்டிக்காரர்களுக்கு அது கோயில் மாதிரி.

கேட்ட தம்பிக்கு இன்னொன்று. உன் ஃபோர்டில் நான்கு சக்கரமும் டிரம் பிரேக். முழு டிஸ்க் மூடியிருந்தால் டிரம்முக்குக் காற்றோட்டம் குறையும். ஊருக்குள் ஒன்றுமில்லை. நீண்ட மலை இறக்கத்தில் சூடேறி, மிதித்தாலும் பிரேக் பிடிக்காமல் போகலாம்.

கேட்டவர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நான்கு சக்கரத்திலும் டயர் பிரித்தோம். பின் வலதிலும் ஒரு ஸ்க்ரூ ரப்பரைத் தொட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் குட்டை ஸ்க்ரூ, நைலான் வாஷர், சிலிக்கான். வெயிட் உட்பக்கம். நான்கு வால்வும் புதுசு. பள்ளத்தை மணல் மூட்டை மேல் வைத்து எடுத்தேன். முக்கால்வாசி சரியாகிவிட்டது, மீதியை அப்படியே விட்டுவிட்டேன்.

120 மைல் ஓட்டியாயிற்று. சாக்பீஸ் கோடு இம்மிகூட நகரவில்லை. காற்று 32 வைத்தேன், 32 இருக்கிறது. ‘டிக்’ சத்தம் அறவே இல்லை.

எல் மிராஜ் போய்த் திரும்பும்போது கிரேப்வைன் என்ற நீண்ட மலை இறக்கம் வரும். அதற்கு முன்னாலேயே முன்பக்க டிஸ்க் இரண்டையும் கழற்றி, போர்வையில் சுற்றி டிக்கியில் வைத்துவிடுகிறேன். கீழே பள்ளத்தாக்குக்கு வந்து, டிரம் ஆறியதும் மாட்டிக்கொள்கிறேன். அதற்காக ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஆறு ஸ்க்ரூ கூடுதலாகவும் முன் பெட்டியில் போட்டுவிட்டேன்.