வேலைய விட்டுறலாமானு இருக்கு, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பனிமூட்டம்:
நான் நுவரெலியா மாவட்டத்துல ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நர்ஸ், எட்டு வருசமாச்சு. நைட் டியூட்டினா ராத்திரி 7ல இருந்து காலையில 7 வரைக்கும், முடிச்சு பஸ் புடிச்சு தோட்டத்துக்கு வாறதுக்குள்ள மாமி தேயிலை கொழுந்து எடுக்க மலைக்கு போயிருவாங்க, பிள்ளைக்காம்பராவுல (தோட்டத்துல பிள்ளைங்கள பாத்துக்குற எடம்) இருக்குற ரெண்டு வயசு மகள தூக்கிட்டு வந்தா அவ எங்க என்னைய தூங்க விடுறது. வீட்டுக்காரரு கொழும்புல கடையில, மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. மாமிக்கு, ராத்திரி வேலைக்கு போற மருமகள்னாலே மொகம் சுளிக்கும்.

வார்டு ஸ்டாஃப்ல தமிழ் தெரிஞ்சது நானும் ஒரு அட்டென்டனும்தான். டொக்டர் ரவுண்ட் வந்தா எல்லா கட்டிலுக்கும் "மிஸ்ஸி இங்க வாங்க"தான் (நர்ஸ இங்க மிஸ்ஸினுதான் கூப்பிடுவாங்க), எங்க வலிக்குதுனு கேட்டு சொல்றது, ஒப்பரேசனுக்கு சைன் வாங்க முன்னால வெளங்கப்படுத்துறது எல்லாம் என் தலையில, என் சொந்த வேலை அப்படியே கெடக்கும்.

போன கெழம விடியக்காலை ஊசி மருந்து குப்பியோட லேபிள மூணு தடவை வாசிச்சேன், மண்டையில ஏறவே இல்ல. கை நடுங்கிருச்சு, மத்த மிஸ்ஸிகிட்ட குடுத்துட்டேன். ராஜினாமா லெட்டர் எழுதி பேக்ல வச்சிருக்கேன்.

கொட்டகலை அக்கா:
தங்கச்சி, நான் 2022ல விட்டேன். டீசல் இல்லாம பஸ் ஓடல, பாதி தூரம் நடந்து டியூட்டிக்கு போவேன், போனா மருந்து இல்ல, வெளியில வாங்கிட்டு வாங்கனு நோயாளி வீட்டு ஆளுங்ககிட்ட சொல்ற வாய் என்னோடது, ஏச்சு வாங்குறதும் நான்தான். ஒரு நாள் அழுதுகிட்டே லெட்டர குடுத்துட்டேன். அந்த வருசம்தான் அரசாங்க ஊழியருக்கு அஞ்சு வருசம் வரைக்கும் சம்பளமில்லாத லீவுக்கு சுற்றுநிருபம் வந்துச்சு, சீனியொரிட்டியும் பென்சனும் பாதிக்காதுனு. எனக்கு யாருமே சொல்லல. இப்ப எப்படினு ஒபிஸ்ல கேளு, ட்ரான்ஸ்பரும் கேட்டு பாரு. நைட் முடிஞ்ச காலையில மட்டும் எதுலயும் சைன் வைக்காத மா.

மஸ்கெலியா அண்ணன்:
என் வீட்டுக்காரி மிட்வைஃப், தோட்டத்து லைன் வீடுங்க இருக்குற லயம் லயமா ஏறி எறங்கி கர்ப்பிணிங்கள பாத்துட்டு வருவா. வந்ததும் சோறு ஏன் ஆகலனு கத்துன ஆளு நான், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. ஒரு நாள் வாசப்படியில சப்பாத்து கூட கழட்டாம உக்காந்தவ அப்படியே தூங்கிட்டா, அன்னைக்குத்தான் உறைச்சுது, இப்ப சமையல் நான்தான். அந்த லேபிள் கதைய வீட்டுக்காரர்கிட்ட அப்படியே சொல்லுங்க தங்கச்சி. "கஷ்டமா இருக்கு"னு மட்டும் சொன்னா எங்களுக்கு ஏறாது.

ஆண் நர்ஸ் ஹட்டன்:
தமிழ் 1987லயே அரசகரும மொழி ஆயிருச்சு, ஆனா வார்டுல அத ஓடித்திரிஞ்சு நடத்துறது ரெண்டு மூணு பேரு, அதுக்கு ஆளும் இல்ல அலவன்ஸும் இல்ல. இத நீங்க எழுத்துல குடுக்கணும் அக்கா, லேபிள் விசயத்தையும் இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட மறைக்காதீங்க, அது நோயாளி உசுரு, உங்க லைசன்ஸ். கொஞ்ச நாளைக்கு நைட் இல்லாம போட சொல்லி கேளுங்க. மனசுக்கு ஏலாம போனா 1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவனத்து நம்பர், ராத்திரியிலயும் எடுப்பாங்க.

பனிமூட்டம்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து அவருகிட்ட லேபிள் கதைய சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, வெள்ளிக்கெழம வாறேன்னாரு. சிஸ்டர்கிட்ட நாளைக்கு கதைக்க போறேன். லெட்டர் இன்னும் பேக்லதான் இருக்கு.