வயர்ஷார்க்கில் முதன்முதலாகப் பிழையைக் கண்ட நாள்: அனுபவப் பகிர்வு

அஸ்தம்பட்டியிலிருந்து:
ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்துக்கு நான்தான் நெட்வொர்க் அமைத்துக் கொடுத்தேன். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகும், இணையப் பக்கங்கள் திறக்கும்; ஸ்கேன் செய்த பட்டியலைப் பதிவேற்றினால் மட்டும் பாதியில் நின்றுவிடும். மூடுபனிதான் காரணம் என்று மூன்று மாதம் நான் சொல்லிவந்ததை நம்பி, அங்குள்ள கணக்குப்பிள்ளை வாரந்தோறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கு வந்து பதிவேற்றிவிட்டுத் திரும்பினார். கடைசியில், நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை அவருடைய கணினியிலேயே ஓடவிட்டு, "இப்போது அனுப்புங்கள் ஐயா" என்றேன். இணைப்பைத் தொடங்கும் சின், சின்-ஆக், ஆக் என்ற மூன்று பாக்கெட்டுகளும் ஒழுங்காக வந்தன. அடுத்து, கருப்புப் பட்டையில் சிவப்பு எழுத்துகளாகக் கோளாறைக் காட்டும் வரிகள் இறங்கத் தொடங்கின. 1514 பைட் (1500 பைட்டும் 14 பைட் ஈதர்நெட் தலைப்பும்) நீளமுள்ள ஒரே பாக்கெட், ஒவ்வொரு முறையும் இடைவெளி ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே, திரும்பத் திரும்பப் போயிற்று; பதிலே இல்லை. இணைய நிறுவனத்தோடு ரவுட்டரை இணைக்கும் பிபிபிஓஇ முறை 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் ஒரு பாக்கெட்டில் 1500க்குப் பதில் 1492 பைட்தான் போகும் என்பதும், அதைக் கணினிக்குத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியைப் பாதுகாப்பு என்று எண்ணி ரவுட்டரில் நானே தடுத்து வைத்திருந்ததும் அப்போதுதான் உறைத்தன. எம்எஸ்எஸ் அளவை (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்சவரம்பை) 1452 ஆக்கியவுடன் பட்டியல் போய்விட்டது. "அப்படியானால் பனி காரணம் இல்லையா தம்பி?" என்று அவர் அமைதியாகக் கேட்டது இன்றும் உறுத்துகிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
பிழையைக் கண்டது சரி. ஆனால் அனுப்பும் கணினியிலேயே பாக்கெட்டுகளைப் பிடித்ததை ஆதாரமாகக் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பில் போடும் கணினி அடிக்கடி அறுந்துபோயிற்று. அதே கணினியில் டிசிபிடம்ப் (வயர்ஷார்க் போலவே பாக்கெட்டுகளைப் பிடிக்கும் கருவி) ஓட்டியபோது, வெளியே போகும் பாக்கெட் ஒவ்வொன்றிலும் செக்சம் (தரவு சிதைந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) தவறு என்று காட்டியது. 5894 பைட் நீளப் பாக்கெட்டுகளும் தெரிந்தன. நான் இரண்டு நாள் கேபிளாக மாற்றிக்கொண்டிருந்தேன். செக்சம் கணக்கிடுவதையும் பாக்கெட்டைத் துண்டாக்குவதையும் நெட்வொர்க் கார்டு பிறகுதான் செய்கிறது, நாம் பிடிப்பது அதற்கு முந்தைய நிலை என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உண்மையான கோளாறு, ஐபி முகவரிக்குரிய கருவியைக் கண்டறியும் ஏஆர்பியில் இருந்தது: ஒரே ஐபி முகவரி யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு வெவ்வேறு மேக் முகவரிகள் (கருவிகளின் வன்பொருள் முகவரிகள்) பதில் சொல்லின. இரண்டாவது, சுவரில் மாட்டியிருந்த கேமரா ரெக்கார்டர்.

சூரமங்கலத்திலிருந்து:
எங்கள் விடுதியில் யாரோ பழைய ரவுட்டரைச் செருகியதால் ஐபி முகவரி கேட்கும் ஒரு டிஎச்சிபி கேள்விக்கு இரண்டு ஆஃபர் (முகவரி தரும் பதில்) வந்தன. முந்தி வந்ததே தவறானது. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் புதிதாகக் கற்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மடிக்கணினியைச் சுவிட்சில் வெறுமனே செருகினால் எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்டும் உங்களுடைய பாக்கெட்டுகளும்தான் தெரியும். பிறருடையவை தெரிய வேண்டுமானால் சுவிட்சில் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து அனுப்புவது) அமைக்க வேண்டும். கோளாறு எப்போது வரும் என்று தெரியாவிட்டால், குறிப்பிட்ட அளவில் கோப்புகளைப் பிரித்து, பழையதை அழித்தபடி சேமிக்கும் முறையில் ஓடவிடுங்கள்; பயனர் 'இப்போது நின்றது' என்று சொன்ன நேரத்தை விநாடியோடு எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் லட்சக்கணக்கான வரிகளில் தேட வேண்டியிருக்கும். முடிந்தால் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். பாக்கெட் எங்கே தொலைந்தது என்பது அப்போதுதான் தெளிவாகும். டிஎல்எஸ் குறியாக்கம் உள்ளடக்கத்தை மறைத்தாலும் நேரமும் நீளமும் மறைவதில்லை. அடுத்தவருடைய போக்குவரத்தைப் பிடிக்குமுன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஏனெனில் குறியாக்கம் இல்லாத கடவுச்சொற்கள் அந்தக் கோப்பில் அப்படியே கிடக்கும்.

அஸ்தம்பட்டியிலிருந்து, மீண்டும்:
செவ்வாய்ப்பேட்டை நண்பர் கேட்டது நியாயம் என்பதால் சனிக்கிழமை மறுபடியும் மலையேறி, மிரர் போர்ட்டில் பிடித்தேன். எம்எஸ்எஸ் மாற்றத்தைத் தற்காலிகமாக எடுத்தேன். அங்கேயும் அதே 1514 நீளம்தான், அதே மௌனம்தான். பிறகு ஐசிஎம்பி தடையை நீக்கினேன். ரவுட்டரிடமிருந்து 1492 என்ற எண்ணைச் சுமந்த ஒரு செய்தி வந்தது, கணினியின் அடுத்த பாக்கெட் 1506 (1492 + 14) பைட்டாகச் சுருங்கிப் போயிற்று, உடனே பதில் வந்தது. அந்த மூன்று வரிகளையும் கணக்குப்பிள்ளையிடம் விரல் வைத்துக் காட்டினேன்.