தள்ளாடும் டாரன்டுலாவுக்கு ஈரப் பெட்டி: ஆறாம் நாள் எழுந்ததா, இல்லையா?

தோலுரி:
நேற்று ஈரமண் இட்ட பதிவைப் படித்தபின் வாளாவிருக்க முடியவில்லை. அவர் வளர்க்கும் பெரிய மயிர்ச்சிலந்தியான பெண் டாரன்டுலா கால்களை வெட்டி வெட்டி இழுத்து, நிலைதவறிப் பக்கவாட்டில் சாய்ந்து நடந்ததாம். ஈரக் காகிதத் துண்டு விரித்த சிறு பெட்டிக்குள் அதை இட்டு மூடினாராம். ஆறாம் நாள் அது எழுந்து ஒழுங்காக நடந்ததாம். ஆகவே டிகேஎஸ் எனப்படும் டிஸ்கைனெடிக் சிண்ட்ரோமுக்கு, அதாவது கால்கள் கட்டுப்பாடின்றி வெட்டி இழுக்கும் நிலைக்கு, ஈரப் பெட்டியே மருந்து என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காக்கையின் வலிமை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சிலந்தியின் கால்களை மடக்கத் தசை உண்டு. ஆனால் ஒவ்வொரு காலிலும் முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது, சிலந்தியின் இரத்தமான நிணக்குருதியின் அழுத்தமே அவற்றை நீட்டுகிறது. உடலில் நீர் வற்றினால் அந்த அழுத்தம் குறைந்து, கால்கள் அடியில் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட சிலந்தி நீர் கிடைத்தால் எழக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்டி இழுப்பதும் துடிப்பதும் வேறு. அங்கே அழுத்தம் இருக்கிறது, கட்டுப்பாடுதான் இல்லை. அதற்கு ஈரத் துண்டு என்ன செய்யும்?

ஈரமண்:
என் பதிவை முழுமையாகப் படிக்கும் பொறுமை தோலுரி அவர்களுக்கு இருந்திருந்தால், நீர்த்தொட்டி இரண்டு நாள் காய்ந்து கிடந்தது என்று நானே எழுதியிருப்பதைக் கண்டிருப்பார். டிகேஎஸ்ஸுக்கு இன்னதுதான் காரணம் என்று இதுவரை எவரும் நிறுவவில்லை. காரணமே தெரியாத ஒன்றுக்கு ஈரம் பயன்படாது என்று மட்டும் இவருக்கு எப்படித் தெரிந்தது? நான் கண்டதைச் சொன்னேன். ஆறாம் நாள் அது எழுந்தது.

வலைக்கண்ணன்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். டிகேஎஸ் என்பது நோயின் பெயரா, அறிகுறிகளின் தொகுப்புக்கு வளர்ப்பாளர்கள் இட்ட பெயரா என்பதை முதலில் பேசிக்கொள்வோமே. என் அறிவுக்கு எட்டியவரை அது பின்னதுதான். இருமல் என்பது நோயின் பெயர் அல்ல என்பதைப் போல. ஆகவே நான் முதலில் கேட்க விரும்புவது, வீட்டில் நாய்க்கோ பூனைக்கோ உண்ணி மருந்து பூசினீர்களா என்பதே. பெர்மெத்ரின் நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் வைத்திருக்கும். ஃபிப்ரோனில் நரம்பைத் தணிக்கும் குளோரைடு வாயில்களை அடைத்துவிடும். இரண்டின் விளைவும் கட்டுக்கடங்காத துடிப்புதான். மருந்து பூசிய கையோடு கூண்டுக்குள் கைவிட்டாலும், பூச்சிமருந்து தெளித்த காய்கறியைத் தின்ற கிரிக்கெட் பூச்சியை இரையாகப் போட்டாலும் நஞ்சு உள்ளே போகலாம். அப்படி ஓர் ஐயம் இருந்தால் மண்ணையும் தொட்டியையும் அகற்றி, காற்றோட்டமுள்ள தூய பெட்டிக்கு மாற்றிக் குடிக்க நீர் வைத்து, தொந்தரவு செய்யாமல் விடுவதே நாம் செய்யக்கூடியது. மூடிய ஈரப் பெட்டி காற்றை நிறுத்தும், பூஞ்சையையும் வளர்க்கும்.

ஈரமண்:
என் வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. ஆறாம் நாள் எழுந்தது.

தோலுரி:
ஆறாம் நாள், ஆறாம் நாள் என்று மந்திரம்போல் ஓதுகிறீர்களே, சென்ற வாரம் வேறோர் இழையில் ‘ஐந்தாம் நாளே கால்களை ஊன்றிவிட்டது’ என்று எழுதியவரும் நீங்கள்தானே? ஐந்தா, ஆறா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். தாங்கள் வளர்க்கும் சிலந்திக்கு ஏழே கால் போலிருக்கிறது. இன்னொன்றையும் கேட்கிறேன். அது தோலுரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது? புதிதாகத் தோலுரித்த சிலந்தி கால்களை நீட்டி, மடக்கி, முறுக்கிப் பார்ப்பதும், உடல் இறுகும்வரை தள்ளாடுவதும் இயல்பு. அதைக் கண்டு பதறிப் பெட்டிக்குள் போட்டு, தானாகச் சரியானதும் பெட்டிக்குப் புகழ்பாடுவது எத்தகைய ஆய்வு?

நடுநிசி:
தோலுரித்தலைப் பற்றித் தோலுரி அவர்களே பாடம் நடத்துவதைக் காணக் கண்கள் கோடி வேண்டும். மல்லாந்து கிடந்த சிலந்தியைத் ‘திருப்பிப் போடுங்கள், இல்லையேல் இறந்துவிடும்’ என்று ஒரு புதியவருக்கு அறிவுரை கூறியவர் யார் என்பதைப் பழைய உறுப்பினர்கள் மறக்கவில்லை. அவரும் திருப்பிப் போட்டார். பாதி உரிந்த நிலையில் அது மாண்டது. சிலந்தி மல்லாந்து படுப்பதே தோலுரிக்கத்தான். சாகும் சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே கால்களைச் சுருட்டிக்கொள்ளும்.

தோலுரி:
அந்த அறிவுரையை நான் கூறவில்லை. ‘மண்மேட்டிலிருந்து தவறி விழுந்து மல்லாந்திருந்தால்’ என்ற நிபந்தனையோடு எழுதினேன். நிபந்தனையை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் எல்லா இழைகளிலும் சுமந்து திரிவது நடுநிசி அவர்களின் பொழுதுபோக்கு. அவருடைய விற்பனைப் பதிவில் நான் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிய நாளிலிருந்து இந்தப் பகை தொடர்கிறது என்பதும் பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். இப்போது பேச்சு ஈரப் பெட்டியைப் பற்றியது. அதற்கு விடை கூறுங்கள்.

நடுநிசி:
அது பிழை அன்று, வட்டார வழக்கு. அதையும் அப்போதே விளக்கினேன்.

சின்னக்கால்:
மன்னிக்கவும், நான் புதியவன். என்னிடம் உள்ள ஆண் டாரன்டுலா சில வாரங்களாக உண்ணாமல், ஓயாமல் கூண்டைச் சுற்றி வருகிறது. சில நேரம் உடல் குலுங்கக் கால்களால் தரையைத் தட்டுகிறது. இதுவும் டிகேஎஸ் தானா? ஈரப் பெட்டியில் வைக்கலாமா?

வலைக்கண்ணன்:
வேண்டாம் நண்பரே. வாயருகே சிறு கால்கள்போல் இருக்கும் இரண்டு உணரிகளின் நுனி உருண்டு பருத்திருக்கிறதா, முன்னங்கால்களின் அடிப்பக்கத்தில் கொக்கி போன்ற முள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முதிர்ந்த ஆண். தரையைத் தட்டுவது துணையை அழைக்கும் செயல். அலைவதும் உண்ணாதிருப்பதும் அந்தப் பருவத்தின் இயல்பு. கடைசித் தோலுரிப்புக்குப் பின் ஆண்களுக்கு வாழ்நாள் அதிகமில்லை. பின்னாளில் அது தடுமாறினால் முதுமையாகவும் இருக்கலாம். ஆனால் வாயைச் சுற்றி வெண்மையான பிசின் போன்ற கசிவு தெரிந்தால் கதை வேறு. அது நூற்புழுத் தொற்றாக இருக்கலாம். உடனே மற்றச் சிலந்திகளிடமிருந்து பிரித்து வையுங்கள், ஒரே இடுக்கியை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தாதீர்கள். இப்போதைக்கு ஆழமில்லாத நீர்த்தொட்டி ஒன்றே போதும்.

ஈரமண்:
பாருங்கள், நீர் என்று வலைக்கண்ணனே சொல்லிவிட்டார். நான் சொன்னால் மட்டும் மூடநம்பிக்கை.

தோலுரி:
நீர் வேறு, ஈரம் வேறு. இதை எத்தனை முறை எழுதுவது? சிலந்தி குடிப்பது வாயால். வாய் நச்சுப்பற்களுக்குப் பின்னால், அடிப்பக்கத்தில் இருக்கிறது. கால் சுருண்ட சிலந்தியின் முன்பகுதியைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தால் அது குடிக்கும். அது மூச்சுவிடும் உறுப்பான புத்தக நுரையீரலின் திறப்புகள் வயிற்றின் அடியில் இருப்பதால் வயிறு மட்டும் நீருக்குள் போகக் கூடாது. இதைச் செய்ய மூடிய பெட்டியும் வேண்டாம், ஆறு நாளும் வேண்டாம். உங்கள் சிலந்தி எழுந்ததென்றே வைத்துக்கொள்வோம். நீர் வற்றியதால் சுருண்டிருந்தால் அது டிகேஎஸ் அல்ல. டிகேஎஸ்ஸாக இருந்தால் ஈரத் துண்டு அதை எழுப்பவில்லை. இரண்டில் எது என்று நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்.

ஈரமண்:
நான் எதையும் தேர்ந்துகொள்ள வேண்டியதில்லை. அது சுருண்டு கிடக்கவில்லை, வெட்டி இழுத்துக்கொண்டே நடந்தது, ஈரப் பெட்டியில்தான் இருந்தது, எழுந்தது. நிழற்படம் இருக்கிறது.

தோலுரி:
நிழற்படத்தில் நடை தெரியாது. அசைபடம் இருந்தால் இடுங்கள், தோலுரித்த தேதியோடு.

நடுநிசி:
திருப்பிப் போட்ட சிலந்தியின் அசைபடத்தையும் யாராவது இட்டால் நன்றாக இருக்கும்.

தோலுரி:
நிபந்தனையோடு எழுதினேன் என்று மேலே கூறியிருக்கிறேன். எழுத்துக்கூட்டியாவது படிக்கவும்.

ஈரமண்:
ஐந்தாம் நாள் ஊன்றியது கால்களை. ஆறாம் நாள்தான் நடந்தது. இரண்டும் உண்மை. அசைபடம் எடுக்கவில்லை.