அந்த நான்கு இலக்கத்துக்கு முன்னால் இருப்பது துருவா, இன்னொரு இலக்கமா?

ஏர்முனை:
நேற்று ஒருவர் தமக்கு விலைக்கு வந்திருக்கும் பழைய ஃபோர்ட்சன் டிராக்டரின் படங்களைப் போட்டு, எந்த ஆண்டு வண்டி, என்ன விலை பெறும் என்று கேட்டிருந்தார். அதற்கு இரும்புக்குதிரை சொன்ன பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ரேடியேட்டரின் பக்கச் சட்டம் ஏணி போலத் திறந்திருக்கிறது, எஞ்சின் பிளாக்கில் அடித்த எண் நான்கே இலக்கம். 1917இல் பிரிட்டிஷ் போர்த்தளவாட அமைச்சகத்துக்காகச் செய்த எம்ஓஎம் வண்டி இது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிடுங்கள்." இவ்வளவுதான் பதில்.

அடுத்தவர் பணத்தைச் செலவழிக்கச் சொல்வதற்கு முன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். தெளிவாக 4 இலக்கங்கள் தெரிகின்றன. அவற்றுக்கு இடப்பக்கம் பெயின்ட் அப்பிய ஒரு குழி இருக்கிறது. அது இன்னொரு இலக்கம். ஐந்து இலக்கம் என்றால் அது எம்ஓஎம் வண்டியே கிடையாது.

இரும்புக்குதிரை:
அது துரு அரித்த குழி. நூறு ஆண்டு தாண்டிய வார்ப்பிரும்பில் குழி இல்லாமல் பளிங்கா இருக்கும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் என்கிறீர்கள், பெரிதாக்கினால் புள்ளி எல்லாம் இலக்கமாகத்தான் தெரியும். ஏணிப் பக்க ரேடியேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே, ஏன்?

ஏர்முனை:
பேசுகிறேன். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் உணவுக் கப்பல்களை மூழ்கடிக்க, பிரிட்டன் தன் நிலத்தையே கூடுதலாக உழ வேண்டிய நிலைக்கு வந்தது. அதற்காக ஹென்றி ஃபோர்டிடம் 6,000 டிராக்டர்கள் கேட்டார்கள். உற்பத்தி தொடங்கியது 1917 அக்டோபரில். அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியே வந்தவை சில நூறு வண்டிகள்தான். மீதி எல்லாம் 1918. ஆகவே எம்ஓஎம் என்றாலும்கூட, "1917" என்று நீங்கள் அடித்துச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை.

அப்புறம் ஏணி. அது எம்ஓஎம் வண்டிக்கு மட்டும் போட்டதல்ல. 1918இல் அமெரிக்க விவசாயிகளுக்கு விற்கத் தொடங்கிய வண்டிகளிலும் அதே ரேடியேட்டர்தான் வந்தது. அதனால் ஏணி இருந்தால் ஆரம்ப கால வண்டியாக இருக்கலாம், அவ்வளவுதான். எம்ஓஎம் என்று சொல்ல எண் வேண்டும். எண்ணில் ஐந்தாவது இலக்கம் இருக்கிறது.

இரும்புக்குதிரை:
துரு.

வாங்க வந்தவன்:
படம் போட்டவன் நான்தான். இரண்டு பேருக்கும் நன்றி. விற்பவர் எம்ஓஎம் என்று சொல்லித்தான் விலை கேட்கிறார். சாதாரண ஃபோர்ட்சன் என்றால் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ஏர்முனை:
நண்பரே, அதற்குத்தான் வருகிறேன். முதலில் மூன்றாவது படத்தைப் பாருங்கள். ரேடியேட்டரின் மேல் டேங்கில் "ஃபோர்ட்சன்" என்று எழுத்து புடைத்து நிற்கிறது. பிரிட்டனுக்குப் போன எம்ஓஎம் வண்டிகளில் அந்தப் பெயர் கிடையாது. அந்தப் பெயர் பிறகு வந்தது. ஆக, ஒரே வண்டியில் பெயரும் இருக்கிறது, எம்ஓஎம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றாக நிற்காது.

இரும்புக்குதிரை:
மேல் டேங்கை மாற்றியிருப்பார்கள். ஃபோர்ட்சன் ரேடியேட்டர் ஒரே துண்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியாதா? மேல் டேங்க், கீழ் டேங்க், இரண்டு பக்கச் சட்டம் எல்லாம் தனித்தனி வார்ப்பு, போல்ட் போட்டுப் பூட்டியது. உறைபனியில் வெடித்த டேங்கை மாற்றாத ஃபோர்ட்சன் உண்டா?

ஏர்முனை:
மிக நல்லது. மேல் டேங்கைக் கழற்றி மாற்றலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் ஏணிச் சட்டத்தையும் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டலாம் இல்லையா? உங்களுக்குப் பிடிக்காத பாகம் மட்டும் மாற்றியது, பிடித்த பாகம் மட்டும் பிறவியிலேயே வந்ததா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இரும்புக்குதிரை:
எண் நான்கு இலக்கம். அதுதான் பதில்.

பழைய கேஸ்கெட்:
இரண்டு பேரும் படத்தைப் பார்த்தே அடித்துக்கொள்கிறீர்கள். வண்டி அங்கே நிற்கிறது. பெயின்ட் கரைப்பானைத் தடவி ஊற விட்டு, பித்தளைக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் எண் வெளியே வரும். கிரைண்டர் பக்கமே போகக் கூடாது, உப்புத்தாளும் வேண்டாம். சுத்தம் செய்த பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். அச்சு அடித்த கோடு நேராக இறங்கும், துருக் குழி ஓரம் சிதைந்து தெரியும். எந்தக் கைக்கும் வித்தியாசம் புரியும்.

இன்னொன்று. ஃபோர்ட்சனில் எண் என்பது எஞ்சின் பிளாக்கின் எண். அந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, எஞ்சினும் கியர் பெட்டியும் பின்னச்சும் சேர்ந்துதான் உடம்பு. எஞ்சினை மாற்றினால் எண்ணும் கூடவே போய்விடும். அதனால் நான்கு இலக்கம் வந்தாலும் அது எஞ்சினின் வயதுதான். பின்பக்கத்தின் வயதை அது சொல்லாது.

இரும்புக்குதிரை:
கேஸ்கெட் அண்ணன் பாடம் எடுக்க வந்துவிட்டார். போன முறை என்னிடம் எஞ்சினுக்குப் பொறி விடும் காயில் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, உள்ளே நான்கு காயிலில் ஒன்று செத்தது என்று இங்கே எல்லோர் முன்னாலும் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? அனுப்பும்போது நான்கும் பொறி விட்டன.

பழைய கேஸ்கெட்:
அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? மூன்றுதான் பொறி விட்டது. இன்னும் என் பட்டறையில் அப்படியே இருக்கிறது.

சாம்பல் பெர்கி:
ஒரு சந்தேகம். ஏழு லட்சத்துக்கும் மேல் செய்த ஃபோர்ட்சன் மாடல் எஃப் வண்டிக்கு இவ்வளவு சண்டையா? உண்மையிலேயே அரிய வண்டி வேண்டுமானால் 1936 முதல் 1939 வரை வந்த ஃபெர்குசன்-பிரவுனைத் தேடுங்கள். மொத்தமே 1,350 சுமார்தான். ஹைட்ராலிக்கால் கலப்பையின் ஆழத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வேலையை விற்பனைக்கு வந்த வண்டியில் முதலில் பார்த்தது அதில்தான். ஃபோர்ட்சன் இழுக்கும் கலப்பை எதிலாவது மாட்டிக்கொண்டால் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேலேயே கவிழும். அதைத் தடுக்கும் கலப்பைக் கொக்கியைக்கூட ஹாரி ஃபெர்குசன்தான் செய்து கொடுக்க வேண்டியிருந்தது.

ஏர்முனை:
பெர்கி, இங்கே பேசுவது எண்ணைப் பற்றி. இருந்தாலும் நீங்கள் தொட்டதால் சொல்கிறேன். கவிழ்ந்தது உண்மை. ஆனால் உலகத்தில் சிறு விவசாயி வாங்கக்கூடிய முதல் டிராக்டரைக் கொடுத்தது ஃபோர்டுதான். 1922இல் விலையை 395 டாலருக்கு இறக்கினார். 1923இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். லெனின்கிராடில் புட்டிலோவ் ஆலையில் இதையே பார்த்து ஃபோர்ட்சன்-புட்டிலோவெட்ஸ் என்று செய்தார்கள். உங்கள் ஃபெர்குசனுக்கே, 1939இல் அவருடைய ஹைட்ராலிக்கோடு ஃபோர்டு செய்த 9என் டிராக்டர் இல்லாவிட்டால் அமெரிக்காவில் இடம் ஏது?

சாம்பல் பெர்கி:
இடமா? அதற்காக இருவரும் கைகுலுக்கிப் பேசிய ஒப்பந்தத்தை ஃபோர்டு பக்கம் முறித்து, வழக்காகி, 1952இல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து முடித்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹில்லரி தென் துருவத்துக்குப் போனது எந்த டிராக்டரில்? ஃபோர்ட்சனிலா?

ஏர்முனை:
தென் துருவம் போன ஃபெர்குசனுக்கும் இந்தப் பிளாக்கில் இருக்கும் ஐந்தாவது இலக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரும்புக்குதிரை:
ஐந்தாவது இலக்கம் இல்லை. துரு.

வாங்க வந்தவன்:
ஐயா, விலை?

ஏர்முனை:
வருகிறேன் நண்பரே. பெயரையும் கதையையும் நம்பி விலை கொடுத்தவர்களின் வரலாறு இந்த வண்டியிலிருந்தே தொடங்குகிறது. ஹென்றி ஃபோர்டால் தன் டிராக்டருக்கு "ஃபோர்டு" என்று பெயர் வைக்க முடியவில்லை. மினியாபொலிசில் வேறொரு நிறுவனம் அந்தப் பெயரில் ஏற்கெனவே டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தது. அதற்கும் ஹென்றிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நெப்ராஸ்காவில் வில்மாட் குரோசியர் என்ற விவசாயி அதை வாங்கி நொந்துபோனார். பிறகு சட்டமன்றத்துக்குப் போனவர், 1919இல் டிராக்டர்களைச் சோதித்த பிறகே அந்த மாநிலத்தில் விற்க வேண்டும் என்று சட்டம் வரப் பாடுபட்டார். 1920 முதல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சோதனை நடந்தது. விற்பவர் வாயால் சொல்வதை விட்டு, இரும்பு என்ன சொல்கிறது என்று பார்க்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது. இங்கேயோ விற்பவர் "எம்ஓஎம்" என்றதும் நாமும் "எம்ஓஎம்" என்கிறோம்.

இனி விலை. கிராங்க் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றினால் ஒரு விலை, இறுகிப்போயிருந்தால் வேறு விலை. இந்த வண்டியில் தண்ணீர் பம்ப் கிடையாது, சூட்டில் தண்ணீர் தானாக மேலேறிச் சுற்ற வேண்டும். தண்ணீரை வடிக்காமல் உறைபனியில் விட்ட வண்டிகளின் பிளாக் விரிந்து வெடித்திருக்கும். நீர் உறையின் பக்கங்களில் கை வைத்துத் தடவுங்கள், ஒட்டு வெல்டிங் கிடைத்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். பின்னச்சில் இருப்பது வார்ம் கியர், அதாவது திருகு போன்ற தண்டு சுழற்றும் பல்சக்கரம். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டி எவ்வளவு தளர்வு என்று பாருங்கள். எண்ணெயில் வெண்கலத் தூள் மின்னினால் அந்தக் கியர் தேய்ந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது படத்தில் பக்கவாட்டில் தனியாக ஒரு மேக்னட்டோ, பொறிக்கு மின்சாரம் தரும் கருவி, தொங்குகிறது. இந்த மாடலுக்கு அது சொந்தமில்லை. ஃபிளைவீலில் காந்தம் பதித்து, காயில் பெட்டி வழியாகப் பொறி விடுவதுதான் அசல். காயில் பெட்டியும் காற்றைத் தண்ணீரில் கழுவி அனுப்பும் அந்தப் பழைய காற்று வடிகட்டியும் இல்லை என்றால், தனித்தனியாகத் தேடி வாங்குவதற்குள் வண்டி விலையில் ஒரு பங்கு போய்விடும். அசல் சாம்பல் நிறமும் சக்கரத்தின் சிவப்பும் கொஞ்சமாவது ஒட்டியிருந்தால் அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் எது பழசு, எது நேற்று பூட்டியது என்று எவராலும் சொல்ல முடியாது. அடித்தவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

ஆகவே, ஆரம்ப கால ரேடியேட்டரோடு, அசல் பற்றவைப்பு இல்லாத, எண் உறுதிப்படாத மாடல் எஃப் என்று விலை பேசுங்கள். எம்ஓஎம் விலை கொடுக்காதீர்கள். ஐந்தாவது இலக்கம் இருக்கிறது.

இரும்புக்குதிரை:
பெயின்ட் அடித்தவர்களுக்கும் அதுதான் வேண்டும் என்று யாரைச் சொல்கிறீர்கள்? என் வண்டிக்குப் பெயின்ட் அடித்தேன். மழையில் நின்று மக்கிப்போகட்டும் என்று விட முடியாது. நான் எடுத்து நிறுத்தியிருக்காவிட்டால் அது இந்நேரம் உருக்கு உலையில் இருக்கும். ஓடுகிற வண்டி வைத்திருப்பவனுக்குத் தெரியாததா, படம் பார்த்து எழுதுகிறவருக்குத் தெரிந்துவிட்டது? பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் நேரத்தில் அந்த எஞ்சின் என்ன சத்தம் போடும் என்று கேட்டிருக்கிறீர்களா?

ஏர்முனை:
கேட்டிருக்கிறேன். நானும் ஒன்றைப் பிரித்துப் பூட்டியவன்தான். ஓட்டத் தெரிந்தால் எண் படிக்கத் தெரியும் என்று ஆகாது.

பழைய கேஸ்கெட்:
பெயின்ட் விஷயத்தில் நான் இரும்புக்குதிரை பக்கம். துருவைப் பார்த்துக்கொண்டிருப்பது பாதுகாப்பு ஆகாது. லின்சீடு எண்ணெயாவது தடவ வேண்டும்.

ஏர்முனை:
எண்ணெய் வேறு, பெயின்ட் வேறு. எண் மேல் பெயின்ட் அப்பியதால்தானே இத்தனை பேச்சு? ஒருவர் வேண்டுமென்றே அந்த முதல் இலக்கத்தின் மேல் மட்டும் தடவியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். மற்ற நான்கும் சுத்தமாகத் தெரிகின்றன, அது மட்டும் ஏன் மூடியிருக்கிறது?

இரும்புக்குதிரை:
அங்கே இலக்கம் இல்லாததால் யாரும் சுத்தம் செய்யவில்லை. இதைவிடச் சுலபமாக எப்படிச் சொல்வது?

சாம்பல் பெர்கி:
இதற்குத்தான் ஃபெர்குசன் டிஇ20 வாங்கச் சொல்கிறேன். எண் தகட்டில் எழுத்தும் எண்ணும் சேர்ந்தே இருக்கும். டிஇஏ என்றால் ஸ்டாண்டர்டு பெட்ரோல் எஞ்சின், டிஇஎஃப் என்றால் டீசல். சண்டையே வராது.

ஏர்முனை:
தகட்டைத் திருகாணி கழற்றி மாற்ற எத்தனை நிமிடம் ஆகும் பெர்கி? பிளாக்கில் அடித்த எண்ணை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் அந்தக் குழியை விட மாட்டேன் என்கிறேன்.

வாங்க வந்தவன்:
விற்பவரிடம் பேசினேன். பிளாக்கைத் தேய்க்க விட மாட்டாராம், தாள் வைத்து உரசவும் விட மாட்டாராம். வேண்டுமானால் வாங்கு, இல்லாவிட்டால் போ என்கிறார்.

ஏர்முனை:
தாள் வைத்து உரசினால் இரும்புக்கு என்ன ஆகும்? உரச விடாதவரிடம் ஐந்தாவது இலக்கம் இருக்கிறது. இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

இரும்புக்குதிரை:
வருகிறவன் போகிறவன் எல்லாம் கம்பி பிரஷோடு வந்தால் நானும் விட மாட்டேன். அவர் செய்தது சரி. அது துரு, வண்டி எம்ஓஎம். நீங்கள் வாங்காவிட்டால் நான் போய்ப் பேசப் போகிறேன்.

ஏர்முனை:
அப்படியா! நேற்று "கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்" என்று அவரிடம் சொன்னவர், இன்று நீங்களே போட்டிக்கு வருகிறீர்களா? நண்பரே, இவரிடம் பேசும்போது விற்பவரின் ஊரையும் தொலைபேசி எண்ணையும் சொல்லிவிடாதீர்கள்.

பழைய கேஸ்கெட்:
போய் வாங்கினால் முதலில் அந்தக் காயில் பெட்டிக்கு எனக்குத் தர வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரும்புக்குதிரை:
நான்கும் பொறி விட்டன.

பழைய கேஸ்கெட்:
மூன்று.