எஃகுச் சட்டகமா, சுமைதாங்கிச் சட்டகமா?

> ‘ஸ்கெலிட்டன் ஃபிரேம்’ என்பதற்கு ‘எஃகுச் சட்டகம்’ போதுமே. புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. சுவருக்குப் பதில் தூணும் உத்திரமும் சேர்ந்த கூடு கட்டடத்தைச் சுமப்பதுதான் ஸ்கெலிட்டன் ஃபிரேம். சிகாகோவில் 1885இல் எழுந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். வில்லியம் லெ பேரன் ஜென்னி வடிவமைத்த பத்து மாடி அலுவலகம். முதல் வானளாவி என்று பலரும் சொல்வது இதைத்தான். அதன் தூண்கள் வார்ப்பிரும்பு. கீழ்த்தளங்களின் உத்திரங்கள் தேனிரும்பு. எஃகு வந்தது மேல்தள உத்திரங்களில் மட்டும். இதை எஃகுச் சட்டகம் என்றால் தூணுக்குத் தூண் பொய்!

போன வாரம் பரிந்துரையாக வந்த ‘எலும்புக்கூட்டுக் கட்டடம்’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். சாவு வாடை அடிக்கிறது, யாரும் குடிவரமாட்டார்கள்.

எதனால் செய்தது என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறது என்று பார்ப்போம். அதே ஊரில் 1891இல் மோனட்நாக் கட்டடத்தின் வடபாதியைச் சுவரின் பலத்திலேயே 16 மாடி ஏற்றினார்கள். அடியில் சுவரின் கனம் 6 அடி! கடை போட வேண்டிய தரைத்தளத்தைச் சுவரே தின்றுவிட்டது. 1893இல் முடிந்த தென்பாதியில் சட்டகம் சுமந்தது, சுவர் மெலிந்தது. சுமை கைமாறியதுதான் இங்கே சங்கதி. அதனால் என் பரிந்துரை ‘சுமைதாங்கிச் சட்டகம்’. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் அதே அமைப்புதானே? இரண்டு நடுகால், மேலே ஒரு கிடைக்கல். சுவரே கிடையாது.

ஒரு வசதியும் உண்டு. ஜென்னியின் கட்டடத்தில் தரைமட்டக் கருங்கல் தூண்களும் பின்பக்கச் சுவர்களும்கூடச் சுமந்தன. ‘பாதி எஃகுச் சட்டகம்’ என்றால் எஃகு பாதியா, சட்டகம் பாதியா என்று குழப்பம். ‘பாதிச் சுமைதாங்கி’ என்றால் விளங்கிவிடும்.

*

> சாவு வாடை அடிக்கிறது

சரி ஐயா, ஆனால் சுமைதாங்கிக் கல்லை எதற்கு நடுவார்கள்? எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக. எலும்புக்கூட்டை விரட்டிவிட்டு இதை உள்ளே விடுகிறீர்களே!

*

மாட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கல்லைப் பார்த்து யாரும் பயந்து ஓடுவதில்லை. பாரத்தை இறக்கிவைத்து இளைப்பாறுகிறார்கள். ‘தாங்குசட்டகம்’ என்று சுருக்கலாமா? வினைத்தொகை, ஒற்று மிகாது. அப்புறம் சுமை தாங்கும் சுவருக்குத் ‘தாங்குசுவர்’ என்று ஜோடி சேர்க்கப் போனால் மண்சரிவைத் தடுக்கும் சுவரோடு முட்டும். அதனால் நீளமானாலும் ‘சுமைதாங்கிச் சட்டகம்’ என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.