முதல் பத்து குண்டும் பக்கவாட்டில் போன கதை

பழைய துப்பாக்கியைச் சீர்செய்து சுட்டுப் பார்ப்பது பற்றி நானும் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் வேலைக்கு வந்து, சுடும் சங்கத்தில் சேர்ந்து, உரிமக் காகிதங்களுக்காக மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் ஆய்ட் என்ற பழைய இலக்குச் சுடும் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தது. 1884இல் காப்புரிமை பெற்ற வகை, ஸூல் நகரத்து ஹேனல் ஆலை செய்தது. நெம்புகோலைக் கீழே இழுத்தால் பேரலின் பின்வாயை மூடும் அடைப்பு வளைந்து இறங்கும், ஒரு தோட்டா போடலாம், அவ்வளவுதான். பேரலின் அடியில், துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் 1891 சட்டப்படி குத்திய கிரீட முத்திரைகள்.

துப்பாக்கியின் மரக்கட்டை கறுத்து எண்ணெய் ஊறிக் கிடந்தது. நான் உப்புத்தாளை எடுத்தேன். சங்கத்துப் பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். செதுக்கு வேலை எல்லாம் போய்விடுமாம். சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துப் பூசி, காயவிட்டுத் தட்டினேன், பழைய எண்ணெய் பொடியோடு வந்தது. நாலைந்து தடவை செய்தபின்தான் வால்நட்டின் வரி தெரிந்தது.

சுட்டதுதான் கேவலம். இதற்கான தோட்டா வகை 8.15×46ஆர். அந்த வகை என்றால் எல்லாப் பேரலும் ஒரே அளவு என்று நினைத்து கடையில் வாங்கிய ஈயக் குண்டைப் போட்டேன். அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் நீளநீளமாகக் கிழிசல், பத்தும் அப்படியே, குண்டு குட்டிக்கரணம் போட்டுப் போயிருக்கிறது! பெரியவர் சிரித்துவிட்டு, அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு வெட்டியது, முதலில் அளந்து பார் என்றார். மெத்தென்ற ஈயத் துண்டுக்கு எண்ணெய் தடவி, பேரல் வாயிலிருந்து மரக்கோலால் தட்டித் தள்ளி அளந்தால் 8.22 மில்லிமீட்டர். நான் போட்டது 8.02. அப்புறம் சரியான அச்சு தேடி நானே வார்த்தேன். தோட்டாவின் பித்தளைக் கூடும் சொந்தத் தயாரிப்புதான்: வின்செஸ்டர் 30-30 என்ற வேறு தோட்டாவின் கூட்டை வெட்டிக் குறுக்கி, வாயை விரித்து, விளிம்பைக் கொஞ்சம் மெலிதாக்கினேன்.

இரட்டை டிரிக்கர் பற்றி ஒரு வார்த்தை. பின்னதை இழுத்து ஏற்றிவிட்டால் முன்னது மூச்சுக்காற்றுக்கே சுட்டுவிடும் போல. குறி பார்க்கும் முன்பே ஏற்றிவிட்டு, துப்பாக்கியை உயர்த்தும்போது விரல் பட்டு, குண்டு மண்மேட்டில் போய்ச் செருகியது. அன்று வாங்கின திட்டு ஜெர்மனில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இப்போது நூறு மீட்டரில், மேசையில் தாங்கிச் சுட்டால் ஐந்தும் தீப்பெட்டி அளவுக்குள் விழுகிறது. நின்று சுட்டால் கேட்காதீர்கள். தோளில் மாட்டும் கொக்கித் தகட்டுக்கு ஒரு பழைய திருகு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, யாரிடமாவது உதிரி இருந்தால் சொல்லுங்கள்.