கலைச்சொல் விவாதம்: ‘ஓரல் டிரான்ஸ்மிஷன்’ என்பதற்கு ‘ஓதுமரபு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கமுங்க.

சமயங்களின் தோற்றம் பற்றிய பாடத்துக்குச் சொற்பட்டியல் போடும்போது ‘ஓரல் டிரான்ஸ்மிஷன்’ (எழுத்தில்லாமல் வாய்வழியே கைமாறுதல்) வந்ததும் இழை நின்றுவிட்டது. கோபியிலிருந்து அண்ணன் கேட்டது இது:

> ‘வாய்மொழி மரபு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுசு எதற்கு?

புழங்கும் சொல்லைக் கலைக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லைங்க அண்ணா. ஆனால் வேதங்கள் வந்த வழியை அந்தச் சொல் தவறாகக் காட்டிவிடும்.

நம் பக்கத்து உடுக்கடிப் பாட்டையே பாருங்கள். அண்ணன்மார் கதையை இரண்டு பேர் பாடினால் கதை ஒன்றுதான், சொற்கள் அவரவருடையவை. கூட்டத்தைப் பார்த்து ஓரிடத்தில் நீட்டுவார்கள், ஓரிடத்தில் சுருக்குவார்கள். அந்த நெகிழ்ச்சிதான் அதற்கு உயிர். நாட்டாரியலில் ‘வாய்மொழி’ என்றால் இதுதான் நினைவுக்கு வரும்.

ரிக்வேதம் இதற்கு நேர் எதிர். 10 மண்டலங்கள், 1028 பாடல்கள். அவை உருவான காலத்தை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய கி.மு. 1500–1000 என்று வைக்கிறார்கள். புனேயின் பண்டார்கர் நிறுவனத்தில் உள்ள ரிக்வேதச் சுவடிகளில் மிகப் பழையதோ 1464-ஆம் ஆண்டினது. ஏட்டில் ஏறிய பிறகும் ஏட்டைப் பார்த்துக் கற்பது மதிப்பாகக் கருதப்படவில்லை. ஆசிரியர் வாயும் மாணவர் செவியும்தான் சான்று. ஒரு சொல் நழுவாமல் இருக்கப் பதம், கிரமம், ஜடை, கனம் என்று பாட முறைகளை வகுத்தார்கள். முதல் பாடலின் ‘அக்னிம் ஈளே’ ஜடையில் ‘அக்னிம் ஈளே, ஈளே அக்னிம், அக்னிம் ஈளே’ என்று முன்னும் பின்னும் போய்வரும் (புணர்ச்சி மாற்றங்களை இங்கே விட்டுவிட்டேன்). கனத்தில் மூன்று சொற்கள் இப்படிப் பின்னும். ஒன்று விட்டுப்போனால் அங்கேயே தெரிந்துவிடும். இப்படி ஓதும் மரபைத்தான் யுனெஸ்கோ 2003-இல் மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது.

தமிழில் இதைக் கவனித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். குறுந்தொகை 156-ஆம் பாட்டில் பார்ப்பன மகனைப் பார்த்து, ‘எழுதாக் கற்பின் நின் சொல்’ என்கிறான் தலைவன். எழுதாமல் கற்பது என்பதையே அடையாளமாக வைத்துவிட்டார் புலவர்! பதிற்றுப்பத்து 74-இல் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை ‘கேள்வி கேட்டு’ வேள்வி செய்தான் என்று வருகிறது. அங்கே கேள்வி என்பது வேதம். இரும்பொறை என்ற பெயரை நம் கரூர்ப் பக்கத்துப் புகளூர்க் கல்வெட்டிலும் பார்க்கலாம். அந்தக் கல்வெட்டு ஒரு சமணத் துறவிக்கு இருக்கை வெட்டிக் கொடுத்த செய்தி. வேள்வியும் சமணமும் ஒரே மரபு அரசர்களிடம் ஆதரவு பெற்றிருக்கின்றன, பாடத்தில் இதற்கும் இடம் வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘கேள்வி’ அழகானது, ஆனால் இன்று வினா என்றே படும். ‘ஓத்து’ என்பது திருக்குறளிலேயே வேதத்துக்கு வருகிறது. தொல்காப்பியத்தில் அதற்கு இயல் என்ற பொருளும் உண்டு. பேச்சுவழக்கில் அது ஒரு வசைச்சொல்லைப் போல ஒலிப்பதால் வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ‘மறை’ பொருந்தும், ஆனால் அது நூலைக் குறிக்கிறது, வந்த வழியைக் குறிக்கவில்லை. ஆகவே ‘ஓதுமரபு’ என்று முன்மொழிகிறேன். சொல்லும் ஒலியும் மாறாமல், எழுத்தைச் சாராமல், ஓதி ஓதிக் கைமாறும் மரபு.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ‘இந்து சமயம் – புனித நூல்: வேதம்’ என்று அட்டவணையில் ஒரு வரியில் அடைப்பதை நான் எதிர்க்கிறேன். இந்து சமயத்துக்கு ஒற்றைத் தோற்றுநர் இல்லை, ஒற்றை நூலும் இல்லை. நம் குலதெய்வக் கோயில்களில் பல நூலே இல்லாமல் நடக்கின்றன. வேதம் ஓதும் உரிமையும் காலங்காலமாகப் பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்டது. ஓதுமரபு, வாய்மொழி மரபு இரண்டையும் தனித்தனியாக வைத்தால்தான் மாணவருக்கு இந்தப் படம் கிடைக்கும்.

> திருச்செங்கோட்டிலிருந்து: ஓதுமரபு என்றால் நம்மவர்களுக்கு ஓதுவாரும் தேவாரமும்தானே முதலில் நினைவுக்கு வரும், அம்மிணி? குழம்பாதா?

நல்ல கேள்விங்க ஐயா. தேவாரமும் மனப்பாடமாக ஓதப்படுவதுதான். ஆனால் அது பண்ணோடு பாடப்படுவது, தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்கப்பட்டதாகவே சைவ மரபு சொல்கிறது. ஏட்டைச் சார்ந்து பிழைத்தது என்பதால் விளக்கக் குறிப்பில் அதைத் தனியாகச் சொல்லிவிடலாம். கொடுமுடியிலும் அவிநாசியிலும் பதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘ஓது’ என்ற வினை அந்நியமாகவும் இருக்காது.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்க. இல்லையென்றால் பட்டியலில் ‘ஓதுமரபு’ என்று ஏற்றிவிட்டு, அப்புறம் வேதப் பாடல்களின் திரட்டைக் குறிக்கும் ‘சம்ஹிதை’க்குத் தொகையா, தொகுப்பா என்று பார்க்கலாம்.